அரைப்பேரிலிருந்து ஸ்பீட் கன் வரை: தண்டத்தின் ஒரு தோட்டத்து வரலாறு

நாற்பதில் போகவேண்டிய ஆட்டோ நாற்பத்தைந்தில் போனால் என்ன தண்டம்? 2018 இல் திருத்தப்பட்ட பட்டியல்படி 3,000 ரூபா. வேக எல்லையை 20 வீதம் வரை தாண்டினால் 3,000, 30 வீதம் வரை 5,000, 50 வீதம் வரை 10,000, அதுக்கும் மேலே போனால் 15,000. நம்ம நாட்டில் ஆட்டோவுக்கு எல்லை மணிக்கு 40 கிலோமீட்டர். அப்போ 41 இலிருந்து 48 வரைக்கும் எல்லாமே அந்த முதல் படியில்தான் வரும்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைப்போம். 2024 செப்டெம்பர் வர்த்தமானி தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் பார்த்தால் அந்த அஞ்சு கிலோமீட்டரின் விலை, எட்டியாந்தோட்டைப் பக்கம் பால் வெட்டுகிற ஒரு அம்மாவுக்கு ரெண்டேகால் நாள் வேலை. வண்டி ஓட்டுவது மகன்தான், ஆனா தண்டம் வந்தால் அந்த வீட்டு அடுப்புக்குத்தானே வரும்.

"சட்டத்தை மதிச்சு ஓட்டினா தண்டமே வராதே" என்று சொல்லிவிடலாம். அதில் நியாயமும் இருக்கு, கீழே அதுக்கு வருகிறோம். ஆனா சபரகமுவ தோட்டங்களில் பிறந்த எங்களுக்குத் தண்டம் என்பது பொலிஸ்காரர் கையில் ஸ்பீட் கன் வந்த பிறகு தொடங்கிய விஷயம் இல்லை. அளப்பது, குறைப்பது, கழிப்பது, துண்டு எழுதுவது எல்லாம் லயத்துக்குள் நூற்றைம்பது வருசமாக இருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் ரோட்டில் நடப்பதும் புரியும் என்று நினைக்கிறோம்.

ரெண்டு 1865

1865 இல் ரெண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று பிரித்தானியாவில், மற்றது இங்கே இலங்கையில்.

பிரித்தானியச் சட்டம் ரோட்டில் ஓடும் இயந்திர வண்டிகளுக்கானது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல், அதுக்கு மேலே போகக்கூடாது. வண்டிக்கு முன்னாடி ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்கவேண்டும் என்றும் இருந்ததால் அதைச் சிவப்புக் கொடிச் சட்டம் என்றே சொல்வார்கள். 1896 ஜனவரியில் கென்ற் பகுதியில் வோல்டர் ஆர்னல்ட் என்பவர் 2 மைல் எல்லைக்குள் 8 மைல் வேகத்தில் போனார். பொலிஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக அவருக்கு விதித்த தண்டம் ஒரு ஷில்லிங். எல்லையை நாலு மடங்கு தாண்டியதுக்கு அவ்வளவுதான்!

இலங்கைச் சட்டம் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். இதுவும் ஒரு வகையில் போக்குவரத்துச் சட்டம்தான், கட்டுப்படுத்தியது மனுசரின் போக்குவரத்தை. முன்கூட்டி அறிவிக்காமல் வேலையை விட்டுப் போனால், சொன்ன வேலையை மறுத்தால், எதிர்த்துப் பேசினால், கடமையில் கவலையீனமாக இருந்தால் அது குற்றம். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் தீர்த்துக்கொள்ளும் பிணக்காக அதை விடவில்லை. நீதவான் முன்னாடி நிறுத்தித் தண்டமும் விதிக்கலாம், மூன்று மாசம் வரை மறியலிலும் போடலாம்.

ரெண்டு சட்டமும் எப்படிப் போயின என்று பாருங்கள். ஆர்னல்ட் தண்டம் கட்டிய அதே 1896 இல் பிரித்தானியாவில் புதுச் சட்டம் வந்து எல்லை மணிக்கு 14 மைலாக ஏறியது. அந்த நவம்பரில் மோட்டார்க்காரர்கள் லண்டனிலிருந்து பிறைட்டனுக்கு ஊர்வலமாக ஓட்டிக் கொண்டாடினார்கள். கார் வாங்க வசதி உள்ளவர்களுக்கு எல்லை இடைஞ்சலாக இருந்தது, 31 வருசத்தில் எல்லை மாறியது. இங்கே துண்டு முறையை ஒழிக்கும் சட்டம் 1921 இல்தான் வந்தது, 1865 இலிருந்து எண்ணினால் 56 வருசம்.

துண்டு என்றால் என்ன என்று நம்ம வயசுக்காரர் பலருக்குத் தெரியாது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளி போகவேண்டுமானால், இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஆளின் விலை எழுதிய சீட்டு என்றும் சொல்லலாம். அதை வைத்துப் புதுத் தோட்டத்தில் பணம் வாங்கிப் பழைய கடனை அடைப்பார்கள். கடன் தீராது, தோட்டம்தான் மாறும்.

இன்றைக்கு ரோட்டில் பொலிஸ் தருவதைச் சிங்களத்தில் 'தடக்கொளே' என்பார்கள். 'தட' நம்ம தண்டம் என்ற சொல்லின் உறவுக்காரன், 'கொளே' என்றால் இலை, தாள். இலை பறித்துப் பிழைத்த வீட்டுப் பிள்ளை கையில் இந்த இலை வந்து சேர்ந்திருக்கிறது.

அரைப்பேர்

சட்டத்தில் எழுதிய தண்டம் ஒன்று. சட்டத்தில் தண்டம் என்ற பேரே இல்லாமல் தோட்டத்தில் நடப்பது இன்னொன்று.

ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்தில் 'பேர்' என்று சொல்வார்கள். பேர் விழுந்தால் சம்பளம். கொழுந்துக்கு ஒரு நோர்ம் இருக்கும், பதினெட்டு கிலோ என்று வையுங்கள். அதைவிடக் குறைந்தால் அரைப்பேர். ரப்பர் மலையிலும் பாலுக்கு இப்படியொரு அளவு உண்டு. காலையில் பிரட்டுக்குப் போனவர் மாலை வரை மலையில்தான் நின்றார், அட்டைக்கும் மழைக்கும் முழுநாள் கணக்குத்தான், சம்பளத்துக்கு மட்டும் அரை நாள். வெளியில் இருப்பவர்களுக்கு இது உற்பத்தித்திறன் பற்றிய விஷயம். லயத்தில் உள்ளவர்களுக்கு இது தண்டம்தான்.

அதுக்குள்ளேயும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம் வெட்டுவார்கள். வெயில் காலத்திலும் ஈரத்துக்கு வெட்டுகிறார்கள் என்பது நம்ம அம்மாமார் எல்லாருக்கும் தெரிந்த பழைய முறைப்பாடு. தராசுமுள் எங்கே நின்றது என்பதைப் பார்ப்பவரும் எழுதுபவரும் கணக்கப்பிள்ளைதான்.

கருவி யார் பக்கம் சாய்கிறது?

வேகம் பிடிக்கும் கருவிக்கும் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. நெதர்லாந்தைச் சேர்ந்த மோரிட்ஸ் கட்சோனிடஸ் ஒரு ரேஸ் ஓட்டுநர், 1953 இல் மொன்டே கார்லோ ரெலியில் வென்றவர். வளைவுகளில் தான் இன்னும் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று அளந்து பார்க்கத்தான் அவர் கருவி செய்தார். ரோட்டில் ரெண்டு ரப்பர் குழாய்கள், சக்கரம் முதலாவதைத் தொட்டு ரெண்டாவதைத் தொடுவதுக்குள் எவ்வளவு நேரம் என்று கணக்கு. 1958 இல் அதுக்குக் கம்பனியும் தொடங்கினார். வேகமாகப் போவதுக்குப் பிறந்த கருவி, வேகத்தைப் பிடிப்பதுக்குப் பொலிஸ் கைக்குப் போனது. பிறகு ராடர், கமரா எல்லாம் சேர்ந்தது. 1992 இல் லண்டனில் ட்விக்கன்ஹாம் பாலத்தில் பிரித்தானியாவின் முதல் நிரந்தர வேகக் கமரா வைக்கப்பட்டது. கொழும்பில் சிசிடிவி கமராவை வைத்துப் போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கும் வேலையைப் பொலிஸ் தொடங்கியது 2024 ஜனவரியில்.

எந்தக் கருவியும் நூற்றுக்கு நூறு சரியாக அளக்காது. ராடருக்கும் பிழை உண்டு, வண்டியின் மீட்டருக்கும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டுதான் பிரித்தானியப் பொலிஸின் வழிகாட்டல், எல்லைக்கு மேலே 10 வீதமும் இன்னும் 2 மைலும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. 30 மைல் எல்லையில் 35 இல்தான் நடவடிக்கை தொடங்கும். சந்தேகத்தின் பலன் ஓட்டுபவருக்கு.

இப்போ தோட்டத்துத் தராசை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் அளவில் சந்தேகம் இருக்கு: கொழுந்து ஈரமா, சாக்கு எவ்வளவு பாரம்? ஆனா அந்தச் சந்தேகம் எப்பவும் தொழிலாளியிடமிருந்துதான் கழியும், ஒரு நாளும் கூடாது. தராசும் ராடரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒரு மனுசன் கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சொல்கின்றன. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவரை எப்படி நடத்துவது என்பதைக் கருவி முடிவு செய்யாது, அதை வைத்திருக்கும் ஆட்கள்தான் முடிவு செய்வார்கள்.

சின்ன வேகத்துக்குத் தண்டம் என்றதும் நம்ம பக்கத்து ஓட்டுநர்களுக்கு வரும் எரிச்சலை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அவர்கள் வீட்டில் யாரோ ஒருத்தர் தினமும் பதினேழரைக் கிலோவோடு நின்று அரைப்பேர் வாங்கியவர்.

லைட் அடிக்கிற பழக்கம்

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை போகும் ரோட்டிலோ, இரத்தினபுரி தாண்டிப் பெல்மதுளைப் பக்கமோ போனவர்களுக்கு இது தெரியும். எதிரே வருகிற வண்டிக்காரர் சும்மா ரெண்டு தரம் லைட் அடிப்பார். அர்த்தம்: முன்னுக்கு பொலிஸ் நிக்குது, மெதுவா போ. யாரென்று தெரியாது, எந்த மொழிக்காரர் என்று தெரியாது, ஆனா சொல்லிவிட்டுப் போவார்.

இது நம்ம ஊர்க் குறும்பு என்று நினைக்கவேண்டாம். 1905 இல் பிரித்தானியாவில் மோட்டார்க்காரர் சங்கம் ஒன்று தொடங்கியதே இதுக்காகத்தான். சைக்கிளில் ஆட்களை அனுப்பி, பொலிஸ் ஒளிந்து நிற்கும் இடங்களை உறுப்பினர்களுக்கு எச்சரிக்கை செய்தார்கள். நீதிமன்றம் அதைக் குற்றம் என்று சொன்ன பிறகு உபாயத்தை மாற்றினார்கள். சங்கத்துக்காரர் சல்யூட் அடித்தால் ரோட்டில் ஒன்றும் இல்லை, சல்யூட் அடிக்காவிட்டால் ஏதோ இருக்கு! சல்யூட் அடிக்காததை எப்படிக் குற்றம் என்பது?

பணக்காரர் செய்தபோது சங்கம், நாம் செய்தால் திருட்டுத்தனம் என்று இதை விட்டுவிடலாம். ஆனா ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். லைட் அடிப்பதால் அந்த வளைவில் மட்டும் வேகம் குறைகிறது, அடுத்த வளைவில் திரும்பவும் ஏறிவிடுகிறது. துரை வருகிறார் என்று மலையில் சத்தம் கொடுத்ததும் கை வேகமாக ஓடுமே, அதே மாதிரி. பயந்து கட்டுப்படுவது பயம் இருக்கும் வரைக்கும்தான்.

அஞ்சு கிலோமீட்டர் சின்னதா?

இங்கே நம்ம பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். 40 இல் போகும் வண்டி 48 இல் போனால் எட்டுத்தானே கூட என்று தோன்றும். ஆனா மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 48 ஐ 40 ஆல் பிரித்தால் 1.2, அதன் வர்க்கம் 1.44. வேகம் 20 வீதம் கூடினால் சக்தியும், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் 44 வீதம் கூடும். சராசரி வேகம் 1 வீதம் ஏறினால் உயிர்ப்பலி விபத்தின் ஆபத்து 4 வீதம் ஏறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இலங்கையில் வருசத்துக்கு 2,000 பேருக்கு மேல் ரோட்டில் சாகிறார்கள். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 23 பேர் போனார்கள். அதே வருசம் செப்டெம்பரில் எல்லயில் 15 பேர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் தனித்தனி, எல்லாத்தையும் வேகத்தின் தலையில் போட முடியாது. ஆனா மலைநாட்டு ரோட்டில் தப்பு செய்ய எவ்வளவு இடம் இருக்கு என்று நமக்குத் தெரியும். ஒரு பக்கம் மண்மேடு, மற்றப் பக்கம் பள்ளம், நடக்கப் பாதையே இல்லாத இடங்கள். தெரணியகலைப் பக்கமோ இறக்குவானைப் பக்கமோ காலையில் அந்த ரோட்டோரமாகத்தான் பிள்ளைகள் வெள்ளை யூனிபோர்மில் வரிசையாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள், கொழுந்துச் சாக்கோடு ஆட்கள் கடக்கிறார்கள். வேகமாகப் போகிறவன் வண்டிக்குள் இருக்கிறான், அடிபடப்போகிறவர் பெரும்பாலும் வெளியில் நடக்கிறார். அந்த நடக்கிற ஆள் நம்ம ஆள்.

அதனால் எல்லை வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. லயத்துக்குப் பக்கத்து ரோட்டில் 40 கூட அதிகம்தான்.

ஆறு நாள்

பிரச்சினை எல்லையில் இல்லையென்றால் எங்கே? தண்டத்தை எதால் அளக்கிறோம் என்பதில்.

1848 இல் டொரிங்டன் ஆளுநரின் காலத்தில் ரோட்டுக்காக ஒரு சட்டம் வந்தது. வயசு வந்த ஆண்கள் வருசத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை செய்யவேண்டும், இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும். மற்ற வரிகளோடு சேர்ந்து இதுவும் மக்களைக் கொதிக்க வைத்தது, அந்த வருசம் ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஆறு நாளா, மூன்று ஷில்லிங்கா? காசு உள்ளவனுக்கு மூன்று ஷில்லிங் ஒரு தொல்லை, இல்லாதவனுக்கு ஆறு நாள் வாழ்க்கை.

அங்கிருந்து 170 வருசம் தாண்டி 2018 க்கு வருவோம். அப்போ தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. வேகத்துக்குக் குறைந்தபட்சத் தண்டம் 3,000. வகுத்துப் பாருங்கள்: சரியாக ஆறு நாள்.

அதுக்கு முன்னாடி 2016 கடைசியில் இன்னும் பெரிய யோசனை ஒன்று வந்தது, வேகம் உட்பட ஏழு குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று. தனியார் பஸ் சங்கங்கள் டிசெம்பர் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்தன. அதே வருசம் ஒக்டோபரில்தான் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டச் சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 ரூபாவானது. 25,000 ஐ 730 ஆல் பிரித்தால் 34 நாள். வண்டி வைத்திருக்கும் முதலாளிக்கு 25,000 என்பது ஒரு செலவு. லீசிங்கில் ஆட்டோ எடுத்த தோட்டத்துப் பொடியனுக்கு அது அந்த மாச லீசிங் கட்ட முடியாமல் வண்டியே போகும் வழி.

இதுக்கு உலகத்தில் வேறு வழியே இல்லையா என்றால், இருக்கு. பின்லாந்தில் தண்டத்தை ரூபா கணக்கில் சொல்லாமல் நாள் கணக்கில் சொல்லும் முறை உண்டு. உன் வருமானத்தில் ஒரு நாளுக்கு இவ்வளவு, குற்றத்துக்கு இத்தனை நாள், பெருக்கிக் கட்டு. சின்ன வேக மீறலுக்கு அங்கேயும் நிலையான தொகைதான், பெரிய மீறலுக்கு நாட்கணக்கு. 2002 இல் நோக்கியா கம்பனியின் உயர் அதிகாரி ஒருவர் 50 எல்லையில் 75 இல் போய் 116,000 யூரோ தண்டம் வாங்கியது உலகச் செய்தியானது, பிறகு அது குறைக்கப்பட்டது. பின்லாந்து இந்த முறையைக் கொண்டுவந்த வருசம் 1921. நாம் துண்டிலிருந்து தப்பிய அதே வருசம்.

கமராவுக்கு முகவரி வேண்டும்

இப்போதைக்கு நம்ம ரோடுகளில் பெரும்பாலும் கையில் பிடிக்கும் ஸ்பீட் கன்தான். பொலிஸ் மறித்து, லைசனை எடுத்து, தற்காலிகத் தாள் கொடுக்கும். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டி, ரசீதோடு பொலிஸுக்குப் போய் லைசனை எடுக்கவேண்டும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கி இந்த ரெண்டு வேலையையும் முடிக்க ஒரு நாள் ஓட்டம் போய்விடும், அதையும் தண்டத்தோடு கூட்டிக்கொள்ளவேண்டும். 2025 இல் தொடங்கிய கவ்பே வழியாகப் போனிலேயே கட்டும் முறை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வங்கிக் கணக்கும் டேட்டாவும் உள்ளவருக்கு அது உண்மையாகவே நல்ல விஷயம்.

நாளைக்குக் கமராவும் வரும். ஒரு விதத்தில் நாங்கள் அதை வரவேற்கிறோம். கமரா உன் பேரைக் கேட்காது, பேசும் மொழியைக் கேட்காது, "எந்தத் தோட்டம்?" என்று கேட்காது, கையை நீட்டாது. ஆனா அது யாரையும் நிறுத்துவதும் இல்லை. வண்டி யார் பேரில் பதிவோ அவர் முகவரிக்குக் கடிதம் போகும்.

எந்த முகவரிக்கு? லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரி இல்லை என்பது நம்ம பெரிய குறைகளில் ஒன்று. தோட்டத்துப் பேரும் டிவிசனும் போட்டு வரும் கடிதம் தோட்டத்து ஒபீசில் கிடந்து, யார் கையிலாவது வந்து, சில நேரம் இன்டர்வியூ திகதி முடிந்த பிறகு வீட்டுக்கு வரும். தண்டக் கடிதமும் அப்படியே வந்தால், தவணை தாண்டி, அடுத்தது கோர்ட். கடிதம் கிடைக்கவில்லை என்று அங்கே எப்படி நிரூபிப்பது? பழைய ஆள் பேரிலேயே ஓடும் ஓப்பன் பேப்பர் வண்டி என்றால் கதை இன்னும் சிக்கல்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. எல்லைப் பலகை எல்லை மாறும் இடத்திலேயே, தமிழிலும் விளங்கும்படி நிற்கவேண்டும். கருவியின் பிழைக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதைப் பகிரங்கமாக எழுதவேண்டும், அந்தச் சந்தேகம் ஓட்டுபவர் பக்கம் போகவேண்டும். தண்டத்தைத் தீர்மானிக்கும்போது அது எத்தனை நாள் சம்பளம் என்று ஒரு தரம் வகுத்துப் பார்க்கவேண்டும். கமரா வருவதுக்கு முன்னாடி லயத்துக் கதவுகளுக்கு இலக்கமும் முகவரியும் வரவேண்டும், அது தண்டத்துக்கு மட்டுமல்ல, நியமனக் கடிதத்துக்கும் தேவை.

தராசு விஷயத்தையும் விட்டுவிட வேண்டாம். ரோட்டில் பிடிபடும் மகனுக்குக் கருவியில் என்ன காட்டியது என்று பார்க்கும் உரிமையைக் கேட்கிறோம் என்றால், அதே உரிமை மலையில் நிறுவைக்கு நிற்கும் அம்மாவுக்கும் வேண்டும். அடுத்த தரம் நிறுக்கும்போது முள் எங்கே நின்றது, எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு மாசம் எழுதினால் போதும், பேச ஒரு கணக்கு கையில் இருக்கும்.